அஞ்சல் சர்வரின் கதை – 14: அனுப்பாத கடிதம் திரும்பி வந்தது

ஜோ என்று ஒருவர் சாம் என்பவருக்குக் கடிதம் எழுதினார். போய்ச் சேரவில்லை. வழியில் இருந்த கணினி ஜோவுக்கு ஒரு சீட்டு அனுப்பியது. மன்னிக்க வேண்டும் ஜோ, சாமுக்கு நீங்கள் எழுதியது தொலைந்துவிட்டது, அப்படி ஓர் ஆளே கிடையாது என்று அந்தப் பக்கத்திலிருந்து 550 என்ற எண்ணோடு பதில் வந்திருக்கிறது என்பது அதன் சாரம். சீட்டில் போட்டிருந்த தேதி 1981 அக்டோபர் 23.

ஜோவும் சாமும் நிஜ மனிதர்கள் இல்லை. ஜான் போஸ்டல் 1982 ஆகஸ்டில் வெளியிட்ட ஆர்எஃப்சி 821 என்ற ஆவணத்தில் உதாரணத்துக்காக வந்துபோகிறவர்கள். ஒரு கணினி இன்னொரு கணினியிடம் மின்னஞ்சலை ஒப்படைக்கும்போது இரண்டும் என்ன பேசிக்கொள்ள வேண்டும் என்று விதித்த ஆவணம் அது. எஸ்எம்டிபி என்ற அந்தப் பேச்சுவார்த்தையை முன்பே விரிவாகப் பார்த்தோம். அதில் ஓரமாக உட்கார்ந்திருந்த அந்தச் சீட்டை அப்போது தாண்டி வந்துவிட்டேன். இந்த வாரம் முழுக்க அதற்குத்தான்.

நம் ஆட்கள் 'மெயில் பவுன்ஸ் ஆயிடுச்சு' என்பார்கள். செக் பவுன்ஸ் ஆவது போலவே. ஆனால் செக் திரும்பினால் அது நாம் எழுதிய செக்காகத்தான் இருக்கும். மின்னஞ்சலில் அந்த உத்தரவாதம் கிடையாது. நீங்கள் எழுதவே எழுதாத கடிதம், கேள்விப்படாத ஊரில் யாருக்கோ போய், அங்கே ஆள் இல்லை என்று உங்கள் வீட்டு வாசலில் வந்து விழும். ஒன்றல்ல, ஒரே ராத்திரியில் ஐயாயிரம் விழும். இது எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள முதலில் போஸ்டல் போட்ட ஒரு கணக்கைப் பார்க்க வேண்டும்.

அனுப்பும் கணினி கடிதம் முழுவதையும் சொல்லி முடித்ததும் கடைசியில் தனி வரியில் ஒரு புள்ளி வைக்கும். வாங்கும் கணினி '250' என்று பதில் சொல்லும். பார்த்தால் சும்மா 'ம்' கொட்டியது மாதிரி இருக்கும். ஆனால் அது ரசீது. அந்த நொடியோடு அனுப்பியவரின் பொறுப்பு தீர்ந்தது. வாங்கியவரின் பொறுப்பு ஆரம்பித்தது. இனி கடிதத்தைக் கொண்டுபோய்ச் சேர்க்க வேண்டும், இல்லையென்றால் சேர்க்க முடியவில்லை என்று எழுதியவருக்குத் தகவல் சொல்ல வேண்டும். சத்தம் போடாமல் கிழித்துப் போடும் வேலைக்கு விதியில் இடமில்லை.

சீட்டே போய்ச் சேராவிட்டால் என்ன செய்வது? அதற்கு ஒரு சீட்டு, அந்தச் சீட்டுக்கு இன்னொரு சீட்டு என்று இரண்டு கணினிகள் காலம் முழுக்க ஒன்றிடம் ஒன்று வருத்தம் தெரிவித்துக்கொண்டே இருக்கும். போஸ்டல் இதை அப்போதே யோசித்திருந்தார். சீட்டுக்குரிய உறையில் அனுப்புநர் முகவரியைக் காலியாக விட்டுவிடு என்றார். <> என்று இரண்டு அடைப்பு மட்டும், நடுவில் ஒன்றுமில்லை. திருப்பி அனுப்ப முகவரியே இல்லாததால் சங்கிலி அங்கே அறுந்துவிடும். நாற்பது வருஷம் தாண்டியும் இந்த ஏற்பாடு அப்படியே இருக்கிறது. இந்தக் கதையில் இத்தனை உறுதியாக நின்றது வேறு எதுவுமில்லை என்றே சொல்வேன்.

அப்போது அனுப்புநர் முகவரி என்பதே வேறு மாதிரி. உறையில் எழுதப்படுவது ஒரு பெயர் மட்டும் அல்ல, ஒரு வழித்தடம். கடிதம் ஒவ்வொரு கணினியாகத் தாவிப் போகும்போது அந்தந்தக் கணினி தன் பெயரை முகவரிக்கு முன்னால் ஒட்டிவிடும். சீட்டு திரும்ப வேண்டுமானால் வந்த வழியைப் பிடித்துக்கொண்டு அப்படியே நடக்க வேண்டியதுதான். 1982 மே மாதக் கணக்குப்படி வலையில் இருந்தவை மொத்தம் 235 கணினிகள். எந்தக் கணினி யாருடையது, யார் பொறுப்பு என்று எல்லோருக்கும் தெரியும். பொய் முகவரி போட வழி இருந்தது; போட்டுவிட்டுத் தப்பிக்கத்தான் வழி இல்லை.

1986 ஜனவரியில் கிரெய்க் பார்ட்ரிட்ஜ் எழுதிய ஆர்எஃப்சி 974 இதை மாற்றியது. ஒரு டொமைனுக்கு வரும் அஞ்சலை எந்தச் சர்வர் வாங்கும் என்பதை, டொமைன் பெயர்களின் பதிவேடான டிஎன்எஸ்ஸில் பதிந்து வைத்துவிடலாம். அதற்கு எம்எக்ஸ் பதிவு என்று பெயர். இனி வழி சொல்ல வேண்டாம், பெயர் சொன்னால் போதும். பெரிய வசதி. ஆனால் அதோடு அனுப்புநர் முகவரியிலிருந்து வந்த வழி காணாமல் போய், வந்தவர் வாயால் சொல்லும் ஒரு விலாசம் மட்டும் மிஞ்சியது. அதை யாரும் சரிபார்க்கவில்லை. சரிபார்க்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவும் இல்லை.

இதற்குள் சீட்டுக்கு ஒரு கையெழுத்தும் கிடைத்திருந்தது. பெர்க்லியில் எரிக் ஆல்மன் எழுதிய சென்ட்மெயில், திரும்பி வரும் கடிதங்களை 'மெயிலர் டீமன்' என்ற பெயரில் அனுப்பியது. டீமன் என்ற சொல்லைப் பின்னணியில் ஓயாமல் வேலை செய்யும் நிரலுக்கு முதலில் வைத்தவர்கள் 1963-ல் எம்ஐடியில் இருந்தவர்கள். மாக்ஸ்வெல்லின் இயற்பியல் சிந்தனையில் மூலக்கூறுகளைப் பிரித்துவிடும் கற்பனைக் காவலாளியிடமிருந்து எடுத்தது. அது தெரியாத லட்சக்கணக்கான பேர் தங்கள் இன்பாக்ஸில் ஏதோ பேய் வந்து பதில் எழுதுகிறது என்று நினைத்துக்கொண்டார்கள். பின்னால் நடந்ததைப் பார்த்தால் அவர்கள் நினைத்தது முழுத் தப்பும் இல்லை.

1989 அக்டோபரில் ராபர்ட் பிரேடன் தொகுத்த ஆர்எஃப்சி 1123 வந்தது. கடிதம் சேராவிட்டால் குறைந்தது நாலைந்து நாளாவது திரும்பத் திரும்ப முயல வேண்டும் என்றது. காலி உறைச் சீட்டைக் கட்டாயமாக்கியது. கூடவே, போகிற போக்கில் ஒரு சலுகையும் கொடுத்தது. 'இன்னாருக்குக் கடிதம்' என்று வந்தவர் சொன்னதும் அந்த ஆள் இருக்கிறாரா என்று உடனே பார்த்தாக வேண்டியதில்லை; முதலில் வாங்கி வை, இல்லையென்று பிறகு தெரிந்தால் சீட்டு அனுப்பிக்கொள். காரணம் நியாயமானதுதான். அன்றைய கணினிகள் மெதுவானவை. பின்னால் வேறொரு வலைக்குப் போகும் வாசலாக நிற்கும் கணினிக்கு, உள்ளே யார் யார் இருக்கிறார்கள் என்று தெரியவும் தெரியாது. வந்தவரை வாசலில் காத்திருக்க வைக்காதே என்பதுதான் நோக்கம்.

இந்தச் சலுகைதான் பின்னால் ஊரையே கெடுத்தது.

1996 ஜனவரியில் கீத் மூரும் கிரெக் வோட்ரோயும் சீட்டின் வடிவத்தை ஒழுங்குபடுத்தினார்கள். 5.1.1 என்றால் ஆள் இல்லை, 5.2.2 என்றால் பெட்டி நிரம்பிவிட்டது என்பது போல மூன்று எண்களில் காரணம் சொல்லும் முறை அப்போது வந்தது. நல்ல காரியம், அதைப் பற்றி மேலே பேச ஒன்றுமில்லை.

பேச வேண்டியது க்யூமெயில் என்ற அஞ்சல் நிரலைப் பற்றி. டேனியல் பெர்ன்ஸ்டைன் 1997-ல் அதன் 1.0 பதிப்பை வெளியிட்டார். சென்ட்மெயிலில் மாதத்துக்கு ஓர் ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு வந்த காலம். என் நிரலில் பாதுகாப்பு ஓட்டை காட்டுபவருக்கு 500 டாலர் என்று அறிவித்தார் பெர்ன்ஸ்டைன். அவருடைய உத்தி எளிமையானது. அஞ்சல் சர்வரைச் சின்னச் சின்ன நிரல்களாக உடைத்தார். வெளியுலகத்தோடு பேசும் நிரலுக்கு உள்ளே எந்த அதிகாரமும் கிடையாது. உள்ளே கடிதம் சேர்க்கும் நிரல் வெளியாட்களோடு பேசாது. வாசலில் நிற்பவனை ஏமாற்றி உள்ளே நுழைந்தாலும் அவன் கையில் ஒரு சாவிகூட இருக்காது.

சாவி மட்டுமா, வீட்டில் யார் இருக்கிறார்கள் என்ற விவரமும் அவனிடம் இருக்காது. அதனால் க்யூமெயிலின் வாசற்காவலன் டொமைன் பெயரை மட்டும் பார்த்தான். நம் டொமைன் என்றால் எந்தப் பெயருக்கு வந்தாலும் 250. உள்ளே போன பிறகுதான் அப்படி ஓர் ஆளே இல்லை என்று தெரியும். உடனே மரியாதையாக ஒரு சீட்டு. 1123 கொடுத்த சலுகைக்கு உள்ளேதான் இதெல்லாம். அந்நாளில் கிடைத்த அஞ்சல் நிரல்களில் மிகப் பாதுகாப்பானது என்று பெயரெடுத்ததே இப்படி ஊருக்கு மிகத் தொல்லை தரும் சர்வராகவும் ஆனது. மாற்றி எழுதி வெளியிடவும் அவர் அனுமதிக்கவில்லை; ஒட்டுத்துணி போலத் தனித் திருத்தக் கோப்புகளாகத்தான் கொடுக்கலாம். 2007 நவம்பரில் அவர் அதைப் பொதுவுடைமையாக்கும் வரை உலகம் முழுக்க அட்மின்கள் தங்கள் க்யூமெயிலுக்கு ஆள் சரிபார்க்கும் ஒட்டுப் போட்டுக்கொண்டே இருந்தார்கள். போடாதவர்கள் அதைவிட நிறையப் பேர்.

அதே 1997-ல், போஸ்டலின் கற்பனைப் பெயர் நிஜமாகவே வந்து நின்றது. அமெரிக்காவில் ஜோ என்று ஒருவர், மக்கள் இலவசமாக வலைப்பக்கம் வைத்துக்கொள்ள இடம் கொடுத்துவந்தார். ஒரு பயனர் குப்பை விளம்பர அஞ்சல் அனுப்பினார். ஜோ அவர் கணக்கை மூடினார். பழிவாங்க வேண்டும் என்று நினைத்த அந்த ஆள் அந்த ஜனவரியில் மறுபடியும் ஒரு பெரிய குப்பை அஞ்சலை உலகத்துக்கு அனுப்பினார். இந்த முறை, பதில் எல்லாம் ஜோவுக்குப் போகும்படி. நம்மூர் மொட்டைக் கடுதாசியில் அனுப்பியவர் பெயர் இருக்காது. இதில் வேறொருவர் பெயர் இருந்தது, அதனால் இது ஒரு படி மேல். வசைகள் வந்தன. அவற்றோடு, ஆள் இல்லாத முகவரிகளிலிருந்து சீட்டுகள் மலைபோல வந்து குவிந்தன. ஜோவின் தளம் தாக்குப்பிடிக்க முடியாமல் படுத்தது. அன்றிலிருந்து பிறர் பெயரில் குப்பை அஞ்சல் அனுப்பிப் பழிதீர்ப்பதற்கு 'ஜோ ஜாப்' என்றே பெயர்.

அந்த வருஷமே டெக்சாஸில் வேறொரு வழக்கு. ஃபிளவர்ஸ்.காம் என்ற டொமைனின் பெயரை யாரோ குப்பை அஞ்சலில் அனுப்புநராகப் போட்டுவிட, ஆயிரக்கணக்கில் திரும்பிய கடிதங்கள் அந்தச் சர்வரை மூழ்கடித்தன. இதில் பகை ஒன்றும் இல்லை. போலி முகவரி ஒன்று தேவைப்பட்டது, இது கிடைத்தது, அவ்வளவுதான். 1997 நவம்பரில் டிராவிஸ் கவுன்டி நீதிமன்றம் அப்படிச் செய்தது அத்துமீறல் என்று தீர்ப்புச் சொன்னது. குற்றவாளி யார் என்று கண்டுபிடிக்க முடிந்த வழக்கு என்பதால் தீர்ப்பு வந்தது. அடுத்து வந்தவற்றில் குற்றவாளியே மனிதன் இல்லை.

2002-ல் கிளெஸ் என்ற புழு. 2003 ஆகஸ்டில் சோபிக்-எஃப். இந்தப் புழுக்கள் ஒரு கணினிக்குள் நுழைந்ததும் முகவரிப் புத்தகம், பழைய கடிதங்கள், சேமித்த வலைப்பக்கங்கள் என்று எல்லாவற்றையும் துழாவி முகவரிகளைப் பொறுக்கும். ஒன்றைப் பெறுநராகப் போடும். இன்னொன்றை அனுப்புநராகப் போடும். தாங்களே ஒரு சிறு அஞ்சல் நிரலைச் சுமந்துகொண்டு வந்ததால் உள்ளூர்ச் சர்வரின் தயவும் தேவையில்லை. ஆக, புழு பிடித்தது ராமன் கணினி. கடிதம் போனது லட்சுமணனுக்கு. சீட்டு வந்தது பரதனுக்கு. பரதன் ஒன்றும் செய்யவில்லை. அவர் முகவரி ராமன் கணினியில் எங்கோ கிடந்தது, அதுதான் அவர் செய்த பாவம்.

சோபிக்-எஃப் ஓடிய முதல் 24 மணி நேரத்தில் ஒரு வடிகட்டும் நிறுவனம் மட்டும் பத்து லட்சம் பிரதிகளைப் பிடித்தது. எரிகிற தீயில் எண்ணெய் ஊற்றியவை வைரஸ் எதிர்ப்பு நிரல்கள். பெரிய அலுவலகங்களின் வாசலில் நின்ற அந்த நிரல்கள் ஒவ்வொரு புழுவைப் பிடித்ததும் அனுப்புநருக்கு எழுதும்: உங்கள் கணினியில் வைரஸ் இருக்கிறது, இன்ன நிரல் அதைப் பிடித்தது. பிடித்தது சோபிக் என்று அதற்குத் தெரியும். சோபிக் அனுப்புநர் முகவரியைப் போலியாகப் போடும் என்று அதை எழுதிய நிறுவனத்துக்கும் தெரியும். இருந்தும் எழுதிற்று, தன் பெயரையும் போட்டு. இதை அறியாமை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை; இலவச விளம்பரம் என்றுதான் அன்றைய அட்மின்கள் பலரும் திட்டினார்கள்.

கிளெஸ் சில சமயம் திரும்பிய கடிதம் போல வேஷம் போட்டு வந்தது. 2004 ஜனவரி 26 அன்று கிளம்பிய மைடூம் அதை முழு நேரத் தொழிலாகவே ஆக்கிக்கொண்டது. கடிதம் போய்ச் சேரவில்லை, விவரம் இணைப்பில் உள்ளது என்கிற பாவனையில் வரும்; திறந்தால் புழு. நிஜச் சீட்டுகளும் போலிச் சீட்டுகளும் ஒரே பெட்டியில் கலந்து கிடந்த அந்த வாரம், உலகம் மொத்தமும் ஒரு பழக்கத்துக்கு வந்தது. மெயிலர் டீமனிடமிருந்து எது வந்தாலும் படிக்காமல் அழிப்பது. 1982-ல் ஜோவுக்காக எழுதப்பட்ட சீட்டை ஜோ இனிமேல் பிரித்தே பார்க்க மாட்டார்.

இந்தத் தொல்லைக்குப் பேக்ஸ்கேட்டர் என்ற பெயர் நிலைத்தது. அலை ஒன்றின் மேல் மோதி வந்த திசைக்கே தெறிப்பதற்கு இயற்பியலில் இருந்த சொல். 2001-ல் டேவிட் மூர், ஜெஃப்ரி வோல்கர், ஸ்டெஃபான் சாவேஜ் மூவரும் வேறொரு தெறிப்பை அளந்து காட்டியிருந்தார்கள். ஒரு தளத்தைத் தாக்குபவன் போலி முகவரிகளிலிருந்து பாக்கெட்டுகளை அனுப்புவான். தளம் அந்த அப்பாவி முகவரிகளுக்குப் பதில் அனுப்பும். அந்தப் பதில்களை எண்ணினால் உலகத்தில் எத்தனை தாக்குதல் நடக்கிறது என்று மதிப்பிடலாம் என்பது அவர்கள் கட்டுரை. அஞ்சலிலும் நடந்தது இதுவேதான். தமிழில் 'தெறிப்பு' என்று சொல்லிக்கொள்கிறேன்.

எனக்கும் இதில் ஒரு சொந்த அனுபவம் உண்டு. 2004-ல் ஒரு சிறிய அலுவலகத்தின் அஞ்சல் சர்வரைப் பார்த்துக்கொள்ளும் வேலை என் தலையில் இருந்தது. ஒரு திங்கட்கிழமை காலையில் கடிதம் எதுவும் நகரவில்லை என்று எல்லோரும் வந்து நின்றார்கள். அனுப்பக் காத்திருக்கும் கடிதங்களின் க்யூவைத் திறந்து பார்த்தேன். திரை ஓடிக்கொண்டே இருந்தது. வரிக்கு வரி மெயிலர் டீமன். நாங்கள் குப்பையை அனுப்பவில்லை. குப்பை எங்களுக்கு வந்திருந்தது, வாரக்கடைசி முழுக்க, இல்லாத பெயர்களுக்கு. எங்கள் சர்வர் எல்லாவற்றுக்கும் 250 சொல்லி வாங்கி, பிறகு ஒவ்வொன்றுக்கும் நாணயமாகச் சீட்டு எழுதியிருந்தது. அந்தச் சீட்டுகள் போக வேண்டிய டொமைன்களில் பாதி உலகத்திலேயே இல்லாதவை. அதனால் ஒவ்வொரு சீட்டையும் ஐந்து நாள் வைத்திருந்து மறுபடி மறுபடி முயன்றுகொண்டிருந்தது. மீதிப் பாதி யாரோ பாவப்பட்டவர்களின் பெட்டிகளில் விழுந்துகொண்டிருந்தது. எங்களை நல்லவர்கள் என்றுதான் அதுவரை நினைத்துக்கொண்டிருந்தேன்.

மருந்து என்ன? விந்தை என்னவென்றால் அது போஸ்டலின் பழைய உதாரணத்திலேயே இருந்தது. ஜோவின் கடிதம் மூன்று கணினிகளைக் கடந்து போக வேண்டியது. கடைசிக் கணினி, சாம் என்ற பெயரைக் கேட்டதுமே 550 என்று சொல்லிவிட்டது. கடிதத்தை அது வாங்கவே இல்லை. கொண்டுவந்த நடுக் கணினிதான் கையில் கடிதத்தோடு நின்றது. ஏற்கெனவே 250 சொல்லியிருந்ததால் ஜோவுக்குச் சீட்டு எழுத வேண்டிய கடமையும் அதற்குத்தான் வந்தது.

வாசலிலேயே சொல்லிவிடு என்பதுதான் விஷயம். 'இன்னாருக்கு' என்றதும் பட்டியலைப் பார், இல்லையென்றால் 550. வாங்காத கடிதத்துக்குப் பொறுப்பில்லை, சீட்டும் இல்லை. கொண்டுவந்தது ஒழுங்கான சர்வராக இருந்தால் அது தன் பயனருக்கு, அதாவது நிஜமாக எழுதியவருக்கு, தானே சீட்டு எழுதும். கொண்டுவந்தது புழுவாகவோ குப்பை அனுப்பும் நிரலாகவோ இருந்தால் 550-ஐக் கேட்டுவிட்டு அடுத்த முகவரிக்கு ஓடும். அதற்குச் சீட்டு எழுதத் தெரியாது, நேரமும் இல்லை. அப்பாவி ஒருவருக்கும் ஒன்றும் போகாது. இதில் எனக்குப் பிடித்தது, யார் நல்லவர் யார் திருடர் என்று வாசலில் நிற்பவன் கண்டுபிடிக்க வேண்டிய அவசியமே இல்லை என்பது. ஒரே பதிலை இருவருக்கும் சொல்கிறான். விளைவு தானாகப் பிரிகிறது.

வீட்ஸ வெனெமா எழுதிய போஸ்ட்ஃபிக்ஸ், 2002 டிசம்பரில் வந்த 2.0 பதிப்பிலிருந்து உள்ளூர்ப் பெயர்களை வாசலில் சரிபார்ப்பதையே இயல்பான அமைப்பாக வைத்தது. வேண்டாதவர்தான் முயற்சி எடுத்து அதை அணைக்க வேண்டும். மைக்ரோசாஃப்டின் எக்ஸ்சேஞ்ச் 2003 பதிப்பில், கோப்பகத்தில் இல்லாத பெயரை வாசலிலேயே மறுக்கும் வசதியைக் கொண்டுவந்தது. ஆனால் அதைத் தேடிப்போய்த் திருப்பிவிட வேண்டும். எத்தனை பேர் திருப்பினார்கள் என்பதை எங்கள் இன்பாக்ஸ்கள் சொல்லின.

எதிர்ப்பும் இருந்தது. வாசலில் உண்மை சொன்னால், குப்பை அனுப்புபவன் ஆயிரம் பெயர் கேட்டு எது நிஜம் என்று பட்டியல் எடுத்துக்கொள்வானே? எடுப்பான்தான். தப்பான பெயர்கள் தொடர்ந்து வந்தால் பதிலைச் சில விநாடி தாமதப்படுத்துவது அதற்கு ஒரு கைவைத்தியம். ஆயிரம் கேள்விக்கு ஆயிரம் தடவை காத்திருக்க அவனுக்குப் பொறுமை இருக்காது.

வாசலை அடைத்தவர்கள் பலர் கொல்லைப்புறத்தை மறந்தார்கள். பெரிய சர்வர் படுத்தால் கடிதங்களை வாங்கி வைக்க இரண்டாவது எம்எக்ஸ் ஒன்று வைத்திருப்பது அந்நாளைய வழக்கம். பெரும்பாலும் வேறொரு நிறுவனத்தில், நட்புக்காக. அதனிடம் ஆள் பட்டியல் இருக்காது. குப்பை அனுப்புபவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். முதல் சர்வர் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போதே இரண்டாவதில் போய்க் கொட்டினார்கள். அது எல்லாவற்றையும் வாங்கி முதல் சர்வரிடம் கொண்டுபோகும். முதல் சர்வர் 550 என்று முகத்தில் அடிக்கும். ஏற்கெனவே 250 சொல்லிவிட்ட பாவத்துக்கு இரண்டாவது சர்வர் உட்கார்ந்து சீட்டு எழுதும். ஆள் பட்டியலைக் கொடு, இல்லையென்றால் இரண்டாவது எம்எக்ஸையே தூக்கிப் போடு. பலரும் தூக்கிப் போட்டார்கள். அனுப்பும் சர்வரே நாலைந்து நாள் முயலப்போகும்போது, இடையில் காவல் எதற்கு?

குப்பை வடிகட்டிகளிலும் இதே கோளாறு. முதலில் வந்தவை எல்லாம் கடிதத்தை வாங்கி முடித்த பிறகு சோதிப்பவை. குப்பை என்று தெரிந்த பின் என்ன செய்வது? லினக்ஸ் உலகில் பரவலாக ஓடிய அமாவிஸில் இதற்கு நாலு தேர்வுகள்: விட்டுவிடு, திருப்பு, மறு, போட்டுவிடு. 'திருப்பு' என்று வைத்திருந்த ஒவ்வொரு சர்வரும் ஒரு தெறிப்பு ஆலை. ஒரு வரியை மாற்றி 'போட்டுவிடு' என்று ஆக்கினால் ஆலை நின்றது. ஆனால் சத்தமில்லாமல் கிழித்துப் போடாதே என்ற பழைய வாக்கும் அங்கேதான் உடைந்தது. 2008 அக்டோபரில் ஜான் கிளென்சின் எழுதிய ஆர்எஃப்சி 5321 இந்தச் சங்கடத்தை மறைக்கவில்லை. கடிதம் மோசடி என்பதில் மிக மிக உறுதி இருந்தால் மட்டும் சொல்லாமல் போடலாம் என்று தயங்கித் தயங்கி அனுமதித்தது. நடைமுறையில் அந்த 'மிக மிக' எப்போதோ உதிர்ந்துவிட்டது. முன்பெல்லாம் 250 கிடைத்தால் கடிதம் சேரும், அல்லது தகவலாவது வரும். இன்று பெரிய நிறுவனம் ஒன்று உங்கள் கடிதத்துக்கு 250 சொல்லிவிட்டு அதை யார் கண்ணிலும் காட்டாமல் இருக்கலாம். சோபிக்கால் நாம் இழந்தது இதைத்தான், பெட்டி நிரம்பியதெல்லாம் சின்ன விஷயம்.

தெறிப்பை வாங்குகிற பக்கத்திலிருந்தும் தற்காப்புகள் வந்தன. அவற்றில் அழகானது பிஏடிவி. ஜான் லெவின், டேவ் கிராக்கர் முதலியோர் கொண்டுவந்த யோசனை. நீங்கள் அனுப்பும் ஒவ்வொரு கடிதத்தின் உறையிலும் உங்கள் முகவரியோடு ஒரு சின்ன முத்திரையை உங்கள் சர்வர் சேர்க்கும்: சாவி எண் ஒன்று, காலாவதி நாளுக்கு மூன்று இலக்கம், ரகசியச் சாவியால் கணக்கிட்ட ஆறு எழுத்து. காலி உறையோடு ஒரு சீட்டு வந்தால் முத்திரை இருக்கிறதா என்று பார். இருந்தால் நாம் எழுதியதற்கு வந்தது, இல்லையென்றால் 550. அனுப்புநர் முகவரி மறுபடியும் வெறும் வாய்ச்சொல்லாக இல்லாமல் அடையாளம் உள்ளதாக ஆனது. ஆனால் உறை முகவரியை வைத்து உறுப்பினரை அடையாளம் காணும் குழு அஞ்சல்கள் முத்திரை நாளுக்கு நாள் மாறுவதைப் பார்த்துக் குழம்பின. பிஏடிவி வரைவாகவே நின்றது. ஆர்எஃப்சி எண் அதற்குக் கிடைக்கவில்லை.

எஸ்பிஎஃப் வேறு திசையிலிருந்து வந்தது. என் டொமைன் பெயரில் இன்னின்ன சர்வர்கள்தான் அனுப்பும் என்று டிஎன்எஸ்ஸில் எழுதி வைப்பது. மெங் வெங் வோங் 2003-ல் முன்னெடுத்து, 2006 ஏப்ரலில் ஆர்எஃப்சி 4408 ஆனது. குப்பையை இது ஒழிக்கும் என்று பேசியவர்கள் ஏமாந்தார்கள். போலி உறையை வாசலில் பிடிக்கும் வேலையை ஒழுங்காகச் செய்தது, தெறிப்பைக் குறைத்ததில் அதற்குப் பங்கு உண்டு.

இதற்கிடையில் பட்டியல்காரர்கள். தெறிப்பு அனுப்பும் சர்வர்களின் ஐபி எண்களைப் பேக்ஸ்கேட்டரர் என்ற தடைப்பட்டியல் நாலு வாரத்துக்குப் போட்டு வைத்தது. சீக்கிரம் வெளியே வரக் காசு கட்டலாம் என்பதால் அதற்கு வந்த வசவுகளும் ஏராளம். எதிர்த்திசையில் ஆர்எஃப்சி-இக்னோரன்ட் என்ற பட்டியல், காலி உறையோடு வரும் சீட்டுகளை வாங்க மறுக்கும் டொமைன்களைப் போட்டு வைத்தது. எங்களைப் போன்றவர்கள் நடுவில் நின்றோம். சீட்டு அனுப்பினால் ஒரு பட்டியல், சீட்டையே வாங்க மறுத்தால் இன்னொரு பட்டியல். இரண்டாவது பட்டியல் 2012-ல் கடையைக் கட்டியது.

தெறிப்பு இன்று ஒழிந்துவிட்டதா என்றால், இல்லை, மெலிந்துவிட்டது. கடிதத்தை வாங்கி வேறொரு முகவரிக்குத் தானாகத் திருப்பிவிடும் சர்வர்களிடம் இன்னும் கொஞ்சம் மிச்சம் இருக்கிறது. 250 சொல்லி வாங்கிய கடிதத்தை அடுத்த ஊர் மறுத்தால், நடுவில் நிற்பவர் சீட்டுத்தானே எழுத வேண்டும்.

மற்றபடி, ஜோ இன்று சாமின் பெயரைத் தப்பாக எழுதினால், சாமின் சர்வர் வாசலிலேயே 550 5.1.1 என்று சொல்லிவிடும். சில விநாடிகளில் ஜோவுக்குச் சீட்டு வரும், தன் சொந்தச் சர்வரிடமிருந்தே. அந்தச் சீட்டு ஊரைத் தாண்டுவதில்லை. அதன் உறையில் அனுப்புநர் இடம் இன்னும் காலியாகத்தான் இருக்கிறது.

(தொடரும்)